சீவிய ஆடுகள்

அந்த ஆண்டு வசந்தம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. மே மாதம் பாதி தாண்டுவதற்குள் ஆடுகள் மயிர் உதிர்க்கத் தொடங்கிவிட்டன. பட்டி வேலி, மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, கெர் என்னும் வட்டக் கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறு என்று கண்ட இடத்தில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போயின. தேய்த்த இடத்திலெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு தொங்கியது. காற்றடித்தால் அதுவும் போய்விடும். செவெல்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. காஷ்மீர் கம்பளி என்று ஊர் உலகமெல்லாம் தேடி வாங்கும் அந்த உள்மயிர்தான் புல்வெளியில் அவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கையில் வரும் ரொக்கம். மகள் அனுஜினின் படிப்பு, மோட்டார் சைக்கிள், கூடாரத்தின் மேல் வைத்திருக்கும் சூரிய மின்தகடு எல்லாமே அந்த மயிரிலிருந்து வந்தவைதான்.

சீவிவிடலாம் என்றாள் அவள். அவளுடைய கணவர் கோம்போ வெளியே போய் நின்று வடக்கே மலைமுகட்டைப் பார்த்தார். திரும்பி வந்து, இன்னும் ஒரு பனி பாக்கி இருக்கிறது என்றார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் அதைச் சொல்வார். முன்பெல்லாம் அது பெரும்பாலும் பலித்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் புல் முளைத்த பிறகு விழுந்த பனியை செவெல்மாவே பார்த்திருக்கிறாள். ஆனால் சில வருடங்களாக அந்தப் பாக்கிப் பனி வரவில்லை. வெயில் வந்தால் வந்ததுதான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சீவி முடித்து, வியாபாரியின் லாரிக்காக மூட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

அன்று கோம்போவின் தம்பி சோத்னோமும் வந்திருந்தான். மூவரும் உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கூரைத் துவாரம் வழியாக இறங்கி அடுப்பின் மேல் விழுந்திருந்தது. அடுப்பு மூட்டாமலே உள்ளே வியர்த்தது. கோம்போ மட்டும் குளிர்கால அங்கியைக் கழற்றாமல் இடுப்புக் கச்சையோடு உட்கார்ந்திருந்தார்.

செவெல்மா சோத்னோமைப் பார்த்துச் சொன்னாள். "உன் அண்ணன் ஜூலை மாசத்துலயும் பனி பாக்கி இருக்கும்பாரு. இவரை நம்பிக்கிட்டு இருந்தா மயிரெல்லாம் தானா பறந்து எல்லை தாண்டிப் போயிடும்."

"வாங்குற சீனாக்காரனுக்கு வண்டிக்கூலி மிச்சம் அண்ணி," என்றான் சோத்னோம்.

மூன்று பேரும் சிரித்தார்கள். கோம்போவும்தான். சரி, உங்களோடு யார் மல்லுக்கட்டுவது என்பது போலக் கையை உதறிவிட்டுப் படுக்கைக்கு அடியிலிருந்து கம்பிச் சீப்புகளை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. ஒரு சண்டையாவது போட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும் என்று பின்னால் செவெல்மாவுக்குத் தோன்றியது.

சீவுவது முதுகு ஒடிகிற வேலை. ஆட்டைக் கீழே சாய்த்து, காலைக் கட்டி, வளைந்த பற்கள் உள்ள சீப்பால் கழுத்திலிருந்து தொடை வரை இழுக்க வேண்டும். முரட்டு வெளிமயிர் உடம்பில் தங்கும். அடியில் இருக்கும் மென்மயிர் கொத்துக்கொத்தாகச் சீப்போடு வரும். ஆடு கத்தும். எழுந்து போகும்போது பாதியாக இளைத்தது போல் இருக்கும். அந்த வாரம் முழுக்க மூவரும் சீவினார்கள். குட்டி ஈன்று மெலிந்திருந்த சில பெட்டைகளை மட்டும் கோம்போ பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். சோத்னோம் தன் இருப்பிடத்துக்குக் கிளம்பிப் போனான்.

அவன் போன சில நாளில், ஒரு பிற்பகலில் மழை தொடங்கியது. மே மாதத்து மழைக்கு மேய்ச்சல்காரர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை; புல்லுக்கு நல்லது. செவெல்மா வாளிகளை எடுத்து வெளியே வைத்தாள். ஆடுகள் தெற்குச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வடக்கிலிருந்து அடித்தது. மழைத்துளி முகத்தில் பட்டபோது மணல்போல் குத்தியது. கோம்போ குதிரைக்குச் சேணம் போட்டார். மோட்டார் சைக்கிள் இந்தச் சேற்றில் ஆகாது என்றார். குட்டிகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள் என்றார். அவர் சரிவில் இறங்குவதற்குள் மழை பனியாகிவிட்டது. அவருடைய முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நனைந்த ஆடு காற்றை எதிர்த்து நிற்காது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது தள்ளுகிற பக்கமே ஓடும். பள்ளம் வந்தால் அதில் இறங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செவெல்மா குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அடுப்பில் காய்ந்த சாணத்தைப் போட்டுக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர்தான் நின்றது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பாத்திரத்தைத் தட்டினாள். குரல் வாசலைத் தாண்டிப் போனதாகவே தெரியவில்லை.

மறுநாள் பனி நின்று வெயில் வந்தது. அதுதான் அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. வானம் கழுவிவிட்டது போல் நீலமாக இருந்தது. பனி அவசர அவசரமாக உருகி ஓடியது. அங்கங்கே பச்சைப் புல் தலைகாட்டியது. சோத்னோம் குதிரையில் வந்தான், பள்ளத்தாக்கிலிருந்து இன்னும் சிலரும் வந்தார்கள். கோம்போ வறண்ட ஓடையின் கரையடியில் இருந்தார். காற்று பனியை அள்ளிக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டியிருந்தது. ஆடுகள் அவரைச் சுற்றியும் அவர்மேலும் கிடந்தன. பள்ளத்திலிருந்து சிலவற்றை இழுத்து மேலே போட்டிருக்கிறார். அவையும் மேலே செத்துக் கிடந்தன. அங்கி உள்பக்கம் வரை ஊறி விறைத்திருந்தது. குதிரை சற்றுத் தள்ளிப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

மகளுக்குச் சொல்வதற்காக செவெல்மா மேட்டின்மேல் ஏறினாள். அங்கேதான் கைப்பேசிக்கு உயிர் வரும். உச்சிக்குப் போனதும் அது கையில் துள்ளியது. வானிலை மையத்திலிருந்து வந்த எச்சரிக்கை: மழை, தொடர்ந்து பனி, பலத்த காற்று, கால்நடைகளை மேய்ச்சலுக்கு அனுப்ப வேண்டாம். முந்தின நாள் காலையிலேயே அனுப்பியிருக்கிறார்கள். அவள் அதை முழுவதும் படித்தாள். பிறகு அனுஜினை அழைத்து, அப்பா போய்விட்டார் என்று, கடைக்குப் போய்விட்டார் என்று சொல்வது போன்ற குரலில் சொன்னாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல் நடந்தன. லாமா நாள் குறித்துக் கொடுத்தார், அந்த நாளில் அடக்கம் நடந்தது. தலைநகரிலிருந்து அனுஜின் வந்தாள். அங்கே ஒரு பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு. வந்தவள் அழுதாள், தூங்கினாள், எழுந்து மறுபடி அழுதாள். செவெல்மா தேநீர் காய்ச்சினாள். வந்தவர்களுக்குக் கிண்ணத்தை இரு கையாலும் நீட்டினாள். செத்த ஆடுகளை இழுத்துக் குவித்தபோது அவளும் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். சீவிய ஆட்டின் தோலை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் உரிக்கவில்லை. வட்டார நகரத்திலிருந்து கால்நடை மருத்துவர் லாரியில் வந்து குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட ஏற்பாடு செய்தார். இழுக்கும்போது அவளுக்கு அருவருப்பும் இல்லை, துக்கமும் இல்லை. கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். யாரால் என்ன செய்ய முடியும், பருவமே புரண்டுபோய்விட்டது, உலகம் சூடாகிறதாம், அதனால்தான் இப்படி, தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். சோத்னோம் இதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னான். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் திட்டினான், சுரங்கங்களைத் திட்டினான், கார்களைத் திட்டினான். அன்றைக்குத் தேநீர் குடித்தபோது நடந்த பேச்சு அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அண்ணிமேல் ஒரு தூசி விழக்கூடாது என்றுதான் அப்படிக் கத்துகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் அது அவளிடம் வந்து சேரவில்லை. எல்லோரும் அவள் தலைக்கு மேலே வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிழைத்தவை, சீவாமல் விட்ட அந்த மெலிந்த பெட்டைகளும், உள்ளே இழுத்துவைத்த குட்டிகளும், இடுக்கில் மாட்டி எப்படியோ தப்பிய சில கிடாய்களும்தான். காலையில் அவற்றை ஓட்டிவிடுவாள். மாலையில் ஓட்டி வருவாள். பால் கறக்கும்போது கை தானாக வேலை செய்தது. சில சமயம் வாளி நிரம்பி வழிந்த பிறகுதான் நிறுத்துவாள்.

ஜூன் மாதம் வட்டார நகரத்துக் கலாச்சார மண்டபத்தில் ஒரு கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். தலைநகரத்து வானிலை ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து மே மாதத்துப் பனியைப் பற்றிப் பேசப் போகிறாள், நஷ்டப்பட்டவர்கள் வர வேண்டும் என்றார்கள். போக வேண்டுமா என்று அனுஜின் கேட்டாள். போகலாம் என்றாள் செவெல்மா. ஏன் என்று அவளுக்கே தெரியாது. சோத்னோம் தன் பழைய லாரியைக் கொண்டுவந்தான். மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆண்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்து மூக்குப்பொடிக் குப்பிகளைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நின்றவளுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயர் மிச்சித்மா. ஜீன்ஸ் போட்டிருந்தாள், பயணத்தின் புழுதி அதில் அப்படியே இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்துவிட்டார்.

"நீங்கதானேம்மா உலகம் சூடாகுது சூடாகுதுன்னு சொல்றது? அப்ப பனி எதுக்கு வந்துச்சு? கடைப்பலகையில ஆட்டுக்கறின்னு எழுதிவச்சுட்டு உள்ள மீன் வித்தா நாங்க என்னன்னு வாங்கறது?"

மண்டபம் சிரித்தது. மிச்சித்மாவும் சிரித்தாள். நியாயமான கேள்விதான் என்றாள். பிறகு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு தனிப் புயலைப் பிடித்து நிறுத்தி, இது உலகம் சூடானதால் வந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். மே மாதக் கடைசியில் பனி பெய்வது இந்த நாட்டுக்குப் புதிது இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே பார்த்திருப்பீர்கள். வடக்கே அடைபட்டுக் கிடக்கும் குளிர்காற்று இப்போது அடிக்கடி தெற்கே வழுக்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், அது இன்னும் தீராத வழக்கு. ஆனால் ஒன்று தெரியும். நம் நாடு மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிவருகிறது. வெயில் முன்னால் வருகிறது. வெயில் முன்னால் வந்தால் ஆடு முன்னால் மயிர் உதிர்க்கிறது, நாமும் முன்னால் சீவுகிறோம். குளிரோ நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. நாமும் ஆடும் கோட்டைக் கழற்றிவிட்ட பிறகு அது வருகிறது. பனி பழைய பனிதான். அது விழும்போது நாம் நிற்கிற நிலைதான் மாறிவிட்டது.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியென்றால் ஆமாமா இல்லையா என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். வட்டாரத் தலைவர் எழுந்து உதவித் தீவனம் பற்றி ஏதோ அறிவிக்கப் போனார். அதற்குள் செவெல்மா எழுந்து நின்றிருந்தாள். எழுந்ததை அவளே பிறகுதான் உணர்ந்தாள். யார் அவள் என்பது மண்டபத்துக்கே தெரியும். பேச்சு அடங்கியது.

"நாங்க சீவாம இருந்திருந்தா ஆடு பொழச்சிருக்குமா?"

மிச்சித்மா அவளைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் இந்தப் பெண் யார் என்று தெரியாது. வட்டாரத் தலைவர் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"நெறைய பொழச்சிருக்கும்க்கா. நாங்க சுத்திப் பாத்த வரைக்கும் சீவாத மந்தையில சேதம் கம்மி. சீவின மந்தைதான் அழிஞ்சது."

"சரி," என்று சொல்லிவிட்டு செவெல்மா உட்கார்ந்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வலிக்கவும் இல்லை. ஆனால் அந்த மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒருத்தர் தன்னிடம், தன் முகத்தைப் பார்த்து, தான் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. பக்கத்தில் அனுஜின் தன் கைவிரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் சோத்னோம் வெளியே நின்று கொதித்தான். ஆளை அடக்கம் பண்ணி ஈரம் காயவில்லை, ஒரு விதவையிடம் இப்படியா பேசுவது, பட்டணத்தில் படித்தால் நாக்கில் இரக்கம் வற்றிப்போகுமா என்று கேட்டான். நான் கேட்டேன், அவள் சொன்னாள் என்றாள் செவெல்மா. அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு லாரியின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

அப்போது மிச்சித்மா மண்டபத்திலிருந்து வேகமாக வந்தாள். இதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. வந்து நின்றவள் மன்னிப்பு கேட்பாள் என்று செவெல்மா எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை. துணைக்கு நிற்பவள் போல் லாரியின் சக்கரத்துப் பக்கம் நின்றாள்.

"எங்க வீட்டுல சீவலாம்னு சொன்னது நான்தான்," என்றாள் செவெல்மா. "அவர் வேணாம்னாரு. நான்தான் கேலி பண்ணி சீவ வச்சேன். இப்ப சொல்லு. உலகம் சூடானதால போனாரா, நான் சொன்னதால போனாரா?"

மிச்சித்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற கருவி எங்ககிட்ட இல்லக்கா. வெயில் சீக்கிரமா வந்துச்சு, அதனால சொன்னீங்க. வரலேன்னா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப?"

"அதே வெயில்லதானே அவரும் உக்காந்திருந்தாரு," என்றாள் செவெல்மா. "அவர் வேணாம்னாரே."

அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றாள் மிச்சித்மா. செவெல்மா தலையசைத்தாள். பதில் இல்லை என்று சொன்னதும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்தப் பெண் இரவு எங்கே தங்குகிறாள் என்று கேட்டாள், எங்கள் பக்கம் வந்தால் தேநீர் குடித்துவிட்டுப் போ என்றாள். வழக்கமாக எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைகள். கை கொடுத்துவிட்டு லாரியில் ஏறினாள்.

திரும்பும் வழியெங்கும் புல்வெளி நல்ல பச்சையாக இருந்தது. அந்தப் பனி உருகிப் போட்ட ஈரத்தில் புல் அந்த வருடம் முழங்காலைத் தொட்டது. தின்னத்தான் ஆடு இல்லை. ஒரு மேட்டில் சோத்னோம் வண்டியை நிறுத்தி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினான்.

"சீவலாம்னு நான்தான் சொன்னேன்," என்றாள் செவெல்மா மகளிடம்.

"தெரியும்."

"கேட்டுக்கிட்டு இருந்தியா அங்க?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்மா. வந்த அன்னிக்கே சித்தப்பா சொன்னாரு. உன்கிட்ட அந்தப் பேச்சே எடுக்காதேன்னு சொல்லித்தான் சொன்னாரு."

செவெல்மா கண்ணாடி வழியே சோத்னோமைப் பார்த்தாள். அவன் ஆவி பறக்கும் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் இவர்கள் இருவரும் தெரிந்துகொண்டே தன் கையிலிருந்து தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்னம்மா ஆகப் போவுது?" என்றாள் அனுஜின். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். கொஞ்சம் கழித்து, அப்பா தன்னிடமும் தொலைபேசியில் அந்தப் பனிக் கதையைச் சொன்னதாகவும், தானும் சிரித்ததாகவும் சொன்னாள். எல்லோரும்தான் சிரித்தோம் என்றாள். பிறகு தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். செவெல்மாவுக்குத் தோளில் அந்தக் கனம் தெரிந்தது. கையை எடுத்து மகளின் தலையில் வைக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வைத்தாள்.

இலையுதிர் காலத்தில் அனுஜின் வேலைக்குத் திரும்பினாள். அம்மாவையும் கூட்டிப்போகப் பார்த்தாள். பட்டணத்தில் என் கைக்கு என்ன வேலை என்று செவெல்மா மறுத்துவிட்டாள். கெர்ரைப் பிரித்து சோத்னோமின் கெர்ருக்குப் பக்கத்தில் போட்டார்கள். குளிர்காலம் வந்தது, போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. இருந்த கொஞ்ச ஆடுகளைப் பார்க்கப் பெரிய உழைப்பும் தேவைப்படவில்லை. சோத்னோமின் மனைவி இவளை அடிக்கடி சாப்பிடக் கூப்பிடுவாள். போவாள், சாப்பிடுவாள், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருவாள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறு வசந்தமும் முன்கூட்டியேதான் வந்தது. ஆடுகள் மறுபடி வேலியில் உடம்பைத் தேய்த்தன. சோத்னோம் யோசித்தான், வானொலியைக் கேட்டான், மேட்டில் ஏறிக் கைப்பேசியைப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில் அவனும் மற்றவர்களோடு சீவினான். செவெல்மா சீவவில்லை. காரணம் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வியாபாரி தாக்வா மட்டும் கேட்டான். அவன் வெளியூர்க்காரன், புதிதாக இந்தப் பாதைக்கு வந்தவன். பழைய கதை தெரியாது. லாரியின் பக்கப்பலகையில் சாய்ந்துகொண்டு, "என்னக்கா, ஆட்டுக்கெல்லாம் பின்னல் போட்டு ரிப்பன் கட்டப் போறீங்களா?" என்றான். சோத்னோம் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவளுக்குக் கேலி உறைக்கவில்லை. நாட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவளும் பேசியவள்தான்.

ஒவ்வொரு நாள் காலையும் வெளியே வந்து வடக்கே பார்த்தாள். மலைமுகடு தெளிவாக இருந்தது. மே போனது. ஜூன் வந்தது. ஒரு பொட்டுப் பனி விழவில்லை. குளிர்ந்த மழைகூட ஒழுங்காகப் பெய்யவில்லை. சீவாத ஆடுகளின் மயிர் தானாக உதிரத் தொடங்கியது. அவை மேயும் சரிவில் முட்புதர் ஒன்றுவிடாமல் பஞ்சு சிக்கித் தொங்கியது. குருவிகள் கவ்விக்கொண்டு போயின. உதிர்ந்தது போக மிச்சமிருந்ததை அவள் சீவினாள். ஒரு தலையணை உறை நிரம்பவில்லை. தாக்வா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு லாரியில் வைத்தான். இந்த முறை கேலி பேசவில்லை, யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அனுஜின் அழைத்தாள். பனி வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றாள் தாய். வருத்தமாக இருக்கிறதா என்று மகள் கேட்டாள். செவெல்மா மேட்டின்மேல் நின்றுகொண்டு அதை யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். பொய் இல்லை. வந்திருந்தால் என்ன தோன்றியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது சரி என்பதற்கு இன்னொரு பனி வேண்டியிருக்கவில்லை. வராததால் தான் சொன்னது சரியாகிவிடவும் இல்லை.

ஒருநாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே சோத்னோமும் அவளும் முட்புதர்களில் சிக்கிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டு சரிவில் நடந்தார்கள். விற்கத் தேறாது, பொம்மைக்கோ மெத்தைக்கோ ஆகும் என்று சோத்னோமின் மனைவி கேட்டிருந்தாள். முள் கையைக் கிழித்தது. சோத்னோம் விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போட்டுக் கேக்கணும் அண்ணி. போன வருஷம் பனி வந்ததுக்கும் உலகம் சூடானதுதான் காரணம், இந்த வருஷம் வராததுக்கும் அதானான்னு."

செவெல்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். சோத்னோம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவளும் ஒரு கணம் அப்படியே நின்றாள், யார் சிரித்தது என்று பார்ப்பவள் போல. பிறகு அடுத்த புதருக்குப் போனாள்.

"அடுத்த வருஷம் என்ன பண்றதா உத்தேசம்?" என்று அவன் கேட்டான்.

"கிடாய சீவிடுவேன்," என்றாள். "பெட்டைய விட்டுவைப்பேன். அப்புறம் பாக்கலாம்."

அவன் சரி என்றான். காற்று திரும்பிப் புதர்களில் மிச்சமிருந்த பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போனது. இருவரும் அதைத் துரத்தவில்லை. கீழே பட்டியில் ஆடுகள் பால் கட்டிக் கத்தத் தொடங்கியிருந்தன. கறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் மூட்டையைச் சோத்னோமின் கையில் கொடுத்தாள். அங்கியின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டே சரிவில் இறங்கினாள்.